சாமி லைனில் மாட்டியவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கோளில் மூன்று முறை கரண்ட் போனது. அருப்புக்கோட்டையில் ஒரு முறைகூடப் போகவில்லை.

கோள் என்பது நாங்கள் கணினியில் ஆடும் விளையாட்டு. அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. தமிழில் எழுதிப் பார்த்தேன், இருமல் மருந்தின் பெயர் மாதிரி இருந்தது. அதனால் கோள். அது காற்றே இல்லாத ஒரு சிவப்பு உலகம். நான்கு பேர் சேர்ந்து ஒரு தளம் கட்டி அங்கே உயிரோடு இருக்க வேண்டும். காற்று மெஷின் ஓடினால்தான் மூச்சு. மெஷின் ஓடக் கரண்ட் வேண்டும். கரண்டுக்குச் சோலார் தகடுகளும் பேட்டரிகளும் வேண்டும். எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மைக் செட் கடையில் பாட்டுப் போடுவதற்கு இருக்கும் கணினியில்தான் ஆடுகிறேன். அப்பாவும் சித்தப்பாவும் திருவிழாக்களுக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டுகிறவர்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை கடை என் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலானதிலிருந்து இதுதான் என் வேலை.

மற்ற மூவரையும் நான் பார்த்ததில்லை. பியூலா அக்கா நாகர்கோவில்காரர், தோகாவில் நர்ஸ், மாலை டியூட்டிக்குப் போவதற்கு முன் வருவார். துவாரகன் அண்ணா வவுனியாவில் போன் பழுது பார்க்கிறார். மஸ்தான் அண்ணன் காரைக்காலில் ரொட்டிக் கடையில் அதிகாலை வேலை முடித்துவிட்டு வருகிறவர். தளத்தில் அவருக்குத் தக்காளித் தோட்டம். மூவரும் பேசுவார்கள். நான் ஹெட்போனில் கேட்டுவிட்டு எழுதிப் போடுவேன். என் ஹெட்போனில் மைக் கிடையாது. அது எனக்கு வசதி.

இன்று மூன்றாவது முறை இருட்டானபோது துவாரகன் அண்ணா, "ஆரப்பா திரும்பவும் உலையைப் போட்டது?" என்றார்.

"நான் இல்லீங்க. நான் பாட்டுக்குத் தக்காளிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் மஸ்தான் அண்ணன்.

"அப்பம் இரும்பு தானா உருகிச்சா?" என்று கேட்டார் பியூலா அக்கா.

"நல்ல இரும்பு தானாவே உருகும்ங்க."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் திரையில் அறிவிப்பு வந்தது. பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மூன்று மணிக்குத் தூசிப் புயல். நிஜ நேரத்தில் இருபத்துநான்கு மணி நேரம். அது முடியும்வரை சோலாரிலிருந்து ஒரு துளிகூட வராது. நாங்கள் ஆடாதபோதும் கோள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காற்று மெஷின் தொடர்ந்து பதினைந்து நிமிடம் நின்றால் தளம் அழிந்துவிடும். நான்கு பேரையும் நான்கு மூலையில் தூக்கிப் போட்டுவிடும், பிறகு சேர வழி இல்லை. அவர்கள் மூவரும் போன் நம்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பியூலா அக்கா என்னிடம் இரண்டு முறை கேட்டார். "பிறகு" என்று எழுதினேன்.

இருபது நிமிடம் எழுதி எழுதி அழித்துவிட்டு, "வயரிங்கை நான் பார்க்கட்டுமா?" என்று போட்டேன்.

"தாராளமாப் பாருங்கோ தங்கச்சி" என்றார் துவாரகன் அண்ணா. "இப்ப கிடக்கிறது வயரிங் இல்லை, இடியப்பம்."


மார்ச் 4, புதன்

உண்மையில் இடியப்பம்தான். எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டியிருக்கிறோம். ஒருவர் உலையைப் போட்டால் நான்கு பேரும் மூச்சுத் திணறுகிறோம்.

கல்யாணப் பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் புதிதாக வரைந்தேன். அப்பா திருவிழாவுக்கு லைன் இழுக்கும்போது முதலில் இழுப்பது வளைவு விளக்குகளுக்கு அல்ல. ஜெனரேட்டரிலிருந்து நேராகக் கருவறைக்கு ஒரு தனி வயர் போகும். நடுவில் கிளையே கிடையாது. அதற்குச் சாமி லைன் என்று பெயர். டீசல் குறைந்தால் முதலில் சீரியல் செட்டை அணைப்பார்கள், பிறகு கடைகள், பிறகு பந்தல், பிறகு மைக். சாமி லைனில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஏழு வயதிலிருந்து வயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

கோளில் சாமி என்றால் காற்று மெஷின்.

வரைந்துகொண்டிருந்தபோது சித்தப்பா பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, இது எந்த ஊருக் கோயிலு?"

நான் தாளை மூடப் பார்த்தேன். அவர் விரலை வைத்துக்கொண்டார்.

"நாலு ஜெனரேட்டரு போட்ருக்கே. பெரிய எடமா? கருவறை எங்க?"

காற்று மெஷினைத் தொட்டுக் காட்டினேன்.

"வட்டமாவா கட்டியிருக்கானுக? சரி, நம்மளக் கூப்புட்டா முடிச்சுக் குடுத்துருவோம்."

"ரொம்பத் தூரம் சித்தப்பா."

"வேன் இருக்குல்ல?"


மார்ச் 6, வெள்ளி

நேற்றும் இன்றும் துவாரகன் அண்ணாவும் நானும் வயர் இழுத்தோம். சாமி லைன் தனி. அது காற்று மெஷினுக்கும் நடுக்கூடத்தின் கதகதப்புக்கும் மட்டும். இரண்டும் சேர்ந்து பதினான்கு அளவு கரண்ட் இழுக்கும். வயர் இருபத்தைந்து வரை தாங்கும். அதற்கு மேல் போனால் சுவிட்ச் விழுந்துவிடும்.

மற்ற நான்கு லைன்களுக்கும் தானியங்கிச் சுவிட்ச். பேட்டரி குறையக் குறைய ஒவ்வொன்றாக விழும். எது முதலில், எது கடைசி என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டோம்.

"தக்காளியக் கடைசியில வையி தங்கச்சி. புள்ள மாதிரி வளத்திருக்கேன்" என்றார் மஸ்தான் அண்ணன்.

"உமக்கு மூணு பிள்ள இருக்கில்லா, போதாதா?" என்றார் பியூலா அக்கா. "ஆஸ்பத்திரி அறையும் படுக்க அறையுந்தான் கடைசி. மனுசன் குளுந்து செத்தா தக்காளிய ஆரு திம்பா?"

"பட்டறை இல்லையெண்டால் உடைஞ்சதை எப்பிடித் திருத்துறது? அதைச் சொல்லுங்கோ முதல்ல" என்றார் துவாரகன் அண்ணா.

ஒரு மணி நேரம் போனது. தன்னுடையதைத் தவிர மற்றவற்றை அணைக்கலாம் என்பதில் மூவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கடைசியில் ஓட்டுப் போட்டு பட்டறை, தோட்டம், அறைகள் என்ற வரிசை வந்தது. அதற்கும் முன்னால், முதலாவதாக விழ வேண்டியது எழுத்துக் கோபுரம் என்று நானே எழுதினேன். பேச்சுக்குக் கரண்ட் வேண்டாம், விண்வெளி உடையிலேயே வாக்கிடாக்கி இருக்கிறது. எழுத்துதான் கோபுரம் வழியாகப் போகிறது. அதைப் பயன்படுத்துவது நான் ஒருத்திதான்.

"அப்பம் புயல்ல நீ எப்பிடிப் பேசுவ மக்ளே?" என்று பியூலா அக்கா கேட்டார்.

"பேச ஒன்றும் இருக்காது" என்று எழுதினேன்.


மார்ச் 7, சனி

மீன்தொட்டி செய்தேன். கோளில் அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்று மீன்கள், நீல நிறம். தண்ணீர் சூடாக இல்லாவிட்டால் இறந்துவிடும் என்று குறிப்பில் இருக்கிறது. என் அறை, படுக்கையறை லைனில் வருகிறது. அது பேட்டரி இருபதுக்கு வந்ததும் விழுந்துவிடும்.

பார்க்கலாம்.


மார்ச் 8, ஞாயிறு

எங்கள் தெருக் கோயிலில் காப்புக் கட்டினார்கள். கடைக்கு எதிரில்தான் கோயில். இனிப் பத்து நாளைக்குத் தெருவே கடைகள். ராட்டினம், கரும்புச் சாறு, வளையல், அப்பளம். அப்பா காலையிலேயே சாமி லைன் இழுத்து முடித்துவிட்டார். அறிவிப்பு மைக்கை எங்கள் கடையில் வைத்திருக்கிறார்கள். தெருவில் நான்கு ஹாரன் ஒலிபெருக்கிகள். சித்தப்பா அதில் ஒரு நாளைக்கு நாற்பது முறை 'அன்பார்ந்த பக்தகோடிகளே' என்கிறார். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்பதும் அதே குரலில்தான்.


மார்ச் 10, செவ்வாய்

ஒத்திகை. சோலார் தகடுகளைக் கழற்றிவிட்டு, பேட்டரி இறங்கட்டும் என்று காத்திருந்தோம். எண்பதில் கோபுரம் விழுந்தது. அறுபதில் பட்டறை. நாற்பதில் தோட்டம். இருபதில் அறைகள். எல்லாம் வரிசை மாறாமல் விழுந்தன. காற்று மெஷின் அசையவே இல்லை.

"அடி சக்க!" என்றார் மஸ்தான் அண்ணன். பியூலா அக்கா கைதட்டியது ஹெட்போனில் பட்டாசு மாதிரி கேட்டது. துவாரகன் அண்ணா, "சோலையின்ர சாமி வாழ்க!" என்றார். என் முழுப் பெயர் சோலையம்மாள். அங்கே எல்லாருக்கும் சோலை.

சாமி லைன் மீட்டர் பதினேழு காட்டியது. பதினான்கு காட்டியிருக்க வேண்டும். மூன்று என்பது பெரிய விஷயம் இல்லை.

எல்லாம் அணைந்திருந்தபோது நடுக்கூடத்திலிருந்து பார்த்தேன். என் அறை ஜன்னலில் நீல வெளிச்சம் அழகாகத் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

தோட்டத்தின் கண்ணாடியிலும் கொஞ்சம் சிவப்பாக வெளிச்சம் இருந்தது. தோட்ட லைன் விழுந்த பிறகும். தக்காளியின் நிறமாக இருக்கும்.


மார்ச் 11, புதன்

சாமி லைன் இருபது. தூசு அதிகமானால் மெஷின் கூடுதலாக இழுக்குமோ என்னவோ. மஸ்தான் அண்ணனிடம் கேட்கலாம் என்று 'அண்ணே, தோட்டத்தில்' வரைக்கும் எழுதினேன். பிறகு 'அண்ணே, தோட்டத்தில் தக்காளி நன்றாக வந்திருக்கிறது' என்று முடித்தேன்.

"பாத்தியா, தங்கச்சிக்குத்தான் அருமை தெரியுது" என்றார்.


மார்ச் 12, வியாழன்

அப்பா மதியம் சாப்பிட வந்தபோது வலது கை விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாமி லைன் வயர் சூடாக இருக்கிறதாம். கரும்புச் சாற்று மெஷின்காரர் முதலில் மாட்டினாராம், பிறகு ஒவ்வொருவராக. மற்ற லைன் எல்லாம் அடிக்கடி அணைகிறது, அது மட்டும் அணைவதில்லையே. ஜெனரேட்டர் அறையின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வயர் முழுக்க பல் கடித்த மாதிரி இணைப்புகள்.

"சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் அம்மா.

"யாருட்டச் சொல்றது? ஒருத்தன் மாமன், ஒருத்தன் மச்சான்" என்றார் சித்தப்பா. "நேத்து நான் கேட்டேன். 'ஒரே ஒரு பல்புதான்'ங்கான். தெருவுல எல்லாவனும் ஒரே ஒரு பல்புதான் மாட்டியிருக்கான்."

அப்பா ரசம் ஊற்றச் சொன்னார். அப்பா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி ஆச்சரியப்படுகிறாள்.

கோளில் அப்படி நடக்காது. நாங்கள் நான்கே பேர்.

மீட்டர் இருபத்திரண்டு.


மார்ச் 13, வெள்ளி

பியூலா அக்கா இன்று, "நீ எஞ்சினியருக்குப் படிக்கியா மக்ளே? இல்ல, முடிச்சாச்சா?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புக் கணக்கில் பெயில் என்று எழுதினேன்.

"கணக்குலயா? நீயா?" என்றார்.

நான் பெயிலாகவில்லை. பரீட்சையே எழுதவில்லை. என் ஹால் டிக்கெட்டில் வேறு ஒரு பெண்ணின் படம் இருந்தது. ஆபீஸ் அறையில் சொன்னால் ஒரே நாளில் மாற்றித் தருவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்று நாள் அந்த வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவர் ஒரு முறை தலை தூக்கி, "என்னம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். பரீட்சை நாட்களில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். வீட்டில் கணக்கில் பெயில் என்று சொன்னேன். ரிசல்ட்டை யாரும் தேடிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் நம்புவார்கள்.

நாளைக்குப் புயல். பேட்டரி நூறு.


மார்ச் 14, சனி

மூன்று மணிக்குத் திரை சிவப்பானது. ஐந்து நிமிடத்தில் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. நாலே காலுக்குக் கோபுரம் விழுந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியது எதுவும் யாருக்கும் போகவில்லை. போகாது என்று தெரிந்தும் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று எழுதிப் பார்த்தேன்.

கணக்குப்படி நாளை மூன்று மணிக்குப் பேட்டரியில் பதினெட்டு மிச்சம் இருக்க வேண்டும்.


மார்ச் 15, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குக் கடைக்கு வந்தேன். கோயில் நடை சாத்தியிருந்தது, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பாட்டை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் கூட்டம் இல்லை, ஆனால் கடைகளில் மின்விசிறியும் சாற்று மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சித்தப்பா பந்தலில் படுத்திருந்தார்.

கோளுக்குள் போனேன். நான்கு லைனும் விழுந்திருந்தன. பேட்டரி ஒன்பது. சாமி லைன் மட்டும் ஓடியது, மீட்டர் இருபத்துநான்கு. வெளியே குளிர் ஏறிக்கொண்டே இருந்தது. குளிர் ஏறினால் ஹீட்டர்கள் தாமாகவே கூடுதலாக இழுக்கும். ஆனால் அறை லைன் விழுந்துவிட்டதே, எந்த ஹீட்டர்?

இரண்டு பத்தொன்பதுக்கு மீட்டர் முப்பத்தொன்றுக்குத் தாவியது. சுவிட்ச் விழுந்தது. காற்று மெஷின் நின்றது. திரையின் மூலையில் பதினைந்து என்று ஓர் எண் வந்து குறைய ஆரம்பித்தது.

பேட்டரி அறைக்கு ஓடிப்போய்ச் சுவிட்சைத் தூக்கினேன். விழுந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி விழுந்தது.

"காற்று நிண்டு போச்சு! ஆராவது சாமி லைனில கொழுவினீங்களோ?" என்று துவாரகன் அண்ணா கத்தினார்.

"நான் இல்ல" என்றார் பியூலா அக்கா.

"அல்லா மேல சத்தியமா நான் இல்லீங்க. நீங்க?"

"நான் ஒண்டும் கொழுவேல்லை."

மூவரும் சத்தியம் செய்தார்கள். நான் அதற்குள் என் அறைக்குப் போயிருந்தேன். ஏழாம் தேதி படுக்கைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நான் இழுத்து வைத்த வயரைப் பிடுங்கினேன். மீன்தொட்டி, அதன் ஹீட்டர், ஒரு விளக்கு. நான்கு குறையும். திரும்பிப் போய்ச் சுவிட்சைத் தூக்கினேன். இருபத்தேழு. விழுந்தது.

பதினொன்று.

தோட்டத்துக்கு ஓடினேன். அவரவர் கதவு அவரவருக்குத்தான் திறக்கும். கண்ணாடிக்கு உள்ளே பல்புகள் வரிசையாகத் தொங்கின, வெளிச்சமில்லாமல். மஸ்தான் அண்ணன் உள்ளே நின்றுகொண்டு சத்தியம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். கோளில் தட்டினால் சத்தம் வராது.

"சோலை எங்க? அவளுக்குல்லா தெரியும்" என்றார் பியூலா அக்கா. பிறகு, "அய்யோ, அந்தக் கோபுரம். பிள்ளைக்கு எழுதவும் வழியில்லியே" என்றார்.

பத்து.

கடையில் இருந்த ஒரே மைக் அறிவிப்பு மைக். அறிவிப்புகளைப் பதிவு செய்து திரும்பப் போடுவதற்காகச் சித்தப்பா அதிலிருந்து கணினிக்கு ஒரு வயர் கொடுத்திருந்தார். மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். சுவிட்சைத் தள்ளினேன். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

"ஆராக்கும்?" என்றார் பியூலா அக்கா.

"சாமி லைன்ல..." என்றேன்.

ஒன்பது.

"சாமி லைன்ல மாட்டியிருக்கவங்க எல்லாரும் கழட்டுங்க."

அரை நொடி கழித்து, தெருவிலிருந்து ஒரு பெண், 'எல்லாரும் கழட்டுங்க' என்றாள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. சித்தப்பா பாட்டைத்தான் நிறுத்தியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயரை அணைக்கவில்லை. நான்கு ஹாரனிலும் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

கை சுவிட்சுக்குப் போனது. எண் எட்டு ஆனது. கையை எடுத்துக்கொண்டேன்.

"நானும் மாட்டியிருந்தேன்" என்றேன். "மீன்தொட்டி. நான்தான் லைன் இழுத்தேன், நானே மாட்டுனேன். அணையாத லைனுன்னு எல்லாருக்கும் ஆசைதான். எல்லாரும் ஒண்ணொண்ணு மாட்டுனா அதுதான் மொதல்ல அணையும். நான் கழட்டிட்டேன். நீங்களும் கழட்டுங்க. யாரு, என்னன்னு கேக்க மாட்டேன். எட்டு நிமிசந்தான் இருக்கு. மஸ்தான் அண்ணே, அந்தத் தக்காளி பல்பையும் கழட்டுங்க. நான் செவ்வாக்கெழமையே பாத்துட்டேன். கேக்கத் தைரியமில்ல."

தெருவில் சாற்று மெஷின் நின்றது. ஹெட்போனிலும் யாரும் பேசவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"பதினாலு பல்பு" என்றார் மஸ்தான் அண்ணன் மெதுவாக. "கழட்டுறேன். அந்தச் சத்தியத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எனக்கு ஒரு ஹீட்டர் உண்டும்" என்றார் பியூலா அக்கா. "கனவுலயும் குளுருது மக்ளே, என்ன செய்ய? இந்தா, எடுத்தாச்சு."

துவாரகன் அண்ணா கொஞ்சம் இருமினார். "என்ர சின்ன உலை ஒண்டு. மிகச் சின்னன்."

சுவிட்சைத் தூக்கினேன். பதினான்கு. விழவில்லை. எண் நான்கில் நின்று, பிறகு மறைந்தது. மெஷின் ஓடும் சத்தம் ஹெட்போனில் வந்தது.

"சோலை, இதுதானா உன் சத்தம்?" என்றார் பியூலா அக்கா. "எட்டு மாசமா இத எங்க வச்சிருந்த?"

திரும்பினேன். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பின்னால் சித்தப்பா, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஓடி வந்த வேகத்தில்.

தெருவில் ஒவ்வொரு கடையாக ஆட்கள் ஜெனரேட்டர் அறையின் பின்பக்கம் போய்த் தத்தம் பிளக்கை உருவிக்கொண்டு வந்தார்களாம். ஒருவரை ஒருவர் பார்க்காமல், சிறுநீர் கழிக்கப் போய்த் திரும்புகிறவர்கள் மாதிரி. சித்தப்பா பந்தலிலிருந்து பார்த்திருக்கிறார்.

"வயரு இப்ப இன்னும் சூடானது ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று அப்பா கேட்டார். "உள்ள உக்காந்திருந்தவளுக்கு?"

"இங்கயும் சூடாயிருச்சுப்பா" என்று கணினியைக் காட்டினேன்.

அப்பா திரையைக் குனிந்து பார்த்தார். சிவப்புத் தூசு, நடுவில் ஒரு வட்டக் கட்டடம்.

"அட, அந்தத் தூரத்துக் கோயிலா!" என்றார் சித்தப்பா. "அங்கயும் நம்ம பயலுக மாதிரித்தான் போல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அது சரி, மீன்தொட்டி எவன் கடையில இருக்கு? நான் பாக்கவே இல்லையே" என்றார்.

மூன்று மணிக்குப் புயல் நின்றது. பேட்டரியில் ஒன்றரை மிச்சம். மீன்கள் மூன்றும் செத்துவிட்டன.


மார்ச் 16, திங்கள்

ஊரில் எல்லாருக்கும் மூன்று கேள்விகள். அந்தப் பெண் யார்? மஸ்தான் யார்? செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் என்னத்தைப் பார்த்தாள்? தெருமுனைக் காய்கறிக் கடைக்காரர் தன் தக்காளிக் கூடைக்கு மேல் தொங்கிய பல்பை நேற்றே கழற்றிவிட்டார். தன் பெயர் மஸ்தான் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் இன்று எங்கள் கடையை விட்டுத் தெருவில் இறங்கவில்லை. அம்மா மூன்று முறை மளிகைக் கடைக்கு அனுப்பப் பார்த்தாள்.

கோளில் மஸ்தான் அண்ணன், "தங்கச்சி, புயல்தான் போயிருச்சுல்ல. ரெண்டே ரெண்டு பல்பு, சாமி லைன்ல?" என்று கேட்டார்.

மைக்கை இழுத்தேன். முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத்தான்.

"கூடாதுண்ணே" என்றேன்.

"ஒண்ணு?"

"கூடாது."

அவர் கோபப்படவில்லை. "ரைட்டு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பியூலா அக்கா மறுபடியும் போன் நம்பர் கேட்டார். பத்து எண்களையும் சொன்னேன். ஆறாவது எண்ணை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, குரல் எழும்பவில்லை.


மார்ச் 17, செவ்வாய்

கடைசி நாள். மதியம் கடை வாசலில் நின்றபோது பார்த்தேன். பஞ்சுமிட்டாய் போடும் குருசாமி மாமா இன்றுதான் வந்திருக்கிறார். வயரை ஜெனரேட்டர் அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார், கையில் பிளக். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அப்பா அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு டியூப் லைட்டைச் சுற்றிச் சுற்றி இறுக்க ஆரம்பித்தார்.

தெருவைக் கடந்தேன். இருபது அடி இருக்கும். கோளில் தோட்டத்துக்கு ஓடியது இதைவிடச் சீக்கிரம்.

"மாமா."

அவர் திரும்பவில்லை. ராட்டினச் சத்தம். இன்னும் பக்கத்தில் போனேன்.

"மாமா, அதுல மாட்டக் கூடாது."

"என்னத்தா?"

"அது சாமி லைனு. கடை லைனு அந்தப் பக்கம் இருக்கு."

"அது மணிக்கு ஒருக்க போயிருதாமே. பாகு பாதியில நின்னா மிட்டாய் கட்டியாயிரும். ஒரே ஒரு மெஷினுதான்."

"எல்லாரும் ஒண்ணுதான் மாட்டுறாங்க மாமா."

"ஒங்கப்பன் சொல்லிவிட்டானா?"

அப்பா டியூப் லைட்டுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. நான்தான் சொல்றேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அன்னைக்கு ஹாரன்ல கத்துன பிள்ளை நீதானா? பந்தல்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க. அன்னைக்குத் தெருவே அதிர்ந்துச்சாமே, இப்பப் பக்கத்துல நின்னும் காதுல விழல?"

"அது ஆம்ப்ளிஃபயர் மாமா" என்றேன். "சொன்னது நான்."

அவர் கையிலிருந்த பிளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முழங்கையில் வயரைச் சுருட்டத் தொடங்கினார். கடை லைன் பெட்டி வரை நான் முன்னால் நடந்தேன்.